ஒரு டேங்கின் பாடபேதம்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி மிகச் சிறியது. 2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பொறியியல் முதலாண்டு முடித்திருந்த என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தான். பரணில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து, 'கோடி' என்ற மென்பொருளை அதில் நிறுவினான். திரைப்படம், பாட்டு, நிழற்படம் என்று கணினியில் சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படமும் ஆண்டும் கதைச்சுருக்கமும் இணையத்திலிருந்து தானே தேடியெடுத்து ஒட்டிக் காட்டும் மென்பொருள் அது. என் புத்தக அலமாரியை இப்படி யாராவது அடுக்கித் தந்தால் தேவலை என்று தோன்றியது.

அதே அலமாரியில் விளையாட்டுகளையும் அடுக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். காரணம் உண்டு. என் அண்ணன் 2011-இல் மறைந்தபோது இவனுக்குப் பத்து வயது. அப்பாவின் இரும்புப் பெட்டியில் சான்றிதழ்களோடு ஒரு மஞ்சள் நிற டிவி கேம் கேசட்டும் இருந்தது. அது ஏன் அங்கிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். 1993, 94 கோடைகளில் நானும் அண்ணனும் அதைத்தான் பகல் முழுக்க ஆடினோம். நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய சிறு கருவியால் அந்தக் கேசட்டில் இருந்ததை நகலெடுத்து, பட்டியலில் கண்ட விளையாட்டுகளைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தான் மகன். அவற்றுள் ஒன்றுக்கு, நான் சொல்லக் கேட்டு, 'டேங்க்' என்று பெயரிட்டிருந்தான்.

மென்பொருள் தேடிக்கொண்டு வந்து ஒட்டிய பெயர் 'அயர்ன் டேங்க்'. ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனத்தாரின் விளையாட்டு அது. இரண்டாம் உலகப்போர், நார்மண்டிக் கடற்கரை என்று என்னவெல்லாமோ விவரம். எங்கள் டேங்குக்கும் நார்மண்டிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. செங்கற் சுவர்களுக்கு நடுவே ஒரு கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் சற்றே துழாவிப் பார்த்து, கோப்பின் பெயரை 'பேட்டில் சிட்டி' என்று மாற்றினான். இம்முறை சரியான படம் வந்தது: நாம்கோ நிறுவனம், 1985, இருவர் சேர்ந்து ஆடலாம், 35 கட்டங்கள். செங்கல், கழுகு, எல்லாம் இருந்தன. அண்ணனை நான் தவறிச் சுட்டால் அவன் டேங்க் சில நொடிகள் அசையாமல் நின்றுவிடும்; அதைத் தொடர்ந்து நிகழும் சண்டை தொலைக்காட்சிக்கு வெளியே நடக்கும். அதுவும் பொருந்திற்று.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "உங்கப்பா டேங்க் தண்ணியத் தாண்டிப் போகும்டா. நான் இக்கரையிலேயே நின்னுட்டிருப்பேன்" என்றேன்.

அவன் விவரங்களைப் படித்துப் பார்த்தான். யாரோ ஆடிய காணொளி ஒன்றையும் பார்த்தான். "இல்ல சித்தப்பா. இந்த கேம்ல தண்ணி மேல எந்த டேங்கும் போகாது. நீங்க மறந்திருப்பீங்க."

*

மறந்திருக்கலாம்தான். 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு மென்பொருளுக்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. ஒரு கோப்பு இன்னது என்று இயந்திரம் எப்படி அறிகிறது? தேடிப் படிக்கத் தொடங்கினேன். சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பாடமாக நடத்துகிறவனுக்கு இது அந்நிய நிலமாக இருக்கவில்லை என்பது எனக்கே வியப்பு.

கதை இசைத்தட்டிலிருந்து தொடங்குகிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் பாட்டு இருந்தது. பாட்டின் பெயர் இல்லை. பெயர்களைத் தட்டிலேயே பொறிக்கும் ஏற்பாடு 1996-இல்தான் வந்தது, அதுவும் பரவலாகவில்லை. கணினியில் தட்டைச் செருகினால் 'பாடல் 1, பாடல் 2' என்றுதான் தெரியும். 1993-இல் டி கான் என்ற நிரலாளர் தாம் எழுதிய இசைத்தட்டு மென்பொருளுக்காக ஒரு சிறு தந்திரம் செய்தார். ஒவ்வொரு பாட்டும் எந்த நொடியில் தொடங்குகிறது, தட்டின் மொத்த நேரம் எவ்வளவு, பாடல்கள் எத்தனை என்பவற்றைக் கலந்து எட்டு இலக்கக் குறியெண் ஒன்றை உண்டாக்கினார். தட்டுக்குத் தன் பெயர் தெரியாது. ஆனால் தன் நீளம் தெரியும். அந்த எண்ணுக்கு நேரே யாராவது ஒருமுறை பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டால், அடுத்து அதே தட்டைச் செருகும் எவருக்கும் பெயர்கள் கிடைக்கும். சி.டி.டி.பி. என்ற பெரும் தரவுத்தளம் இப்படி வளர்ந்தது.

தட்டச்சு செய்தவர்கள் ஊர்பேர் தெரியாத ரசிகர்கள், கூலி வாங்காதவர்கள். 1998-இல் அந்தத் தரவுத்தளம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, 2001-இல் உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவைச் சாத்தியது. 2008-இல் சோனி அதை வாங்கியபோது விலை 26 கோடி டாலர். தட்டச்சு செய்தவர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஊர் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் வேலி போட்டுவிட்டு நுழைவுக் கட்டணம் கேட்பது போன்றது இது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் பழைய பிரதியைக் கொண்டு ஃப்ரீடிபி என்று ஒன்றைத் தொடங்கினர். அது 2020 வரை நடந்தது. மியூசிக் பிரெயின்ஸ் என்ற மற்றொன்று இன்றும் திறந்தே இருக்கிறது.

திரைப்படத்திற்கு இந்த நீளக் கணக்கு பயன்படாது. ஒரே படம் எத்தனையோ நீளங்களில், எத்தனையோ தரங்களில் கோப்பாகிறது. எனவே அங்கே பெயரே ஆதாரம். கோடியின் முன்னோடி 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் ஓடுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய மீடியா பிளேயர். 2014-இல்தான் இன்றைய பெயர் வந்தது. வலைத்தளப் பக்கங்களைச் சுரண்டி விவரம் எடுப்பதால் அதன் உறுப்பு ஒன்றுக்கு 'ஸ்கிரேப்பர்' என்று பெயர். சுரண்டி என்று நாமும் சொல்லலாம். சுரண்டிக்குப் பெயரோடு ஆண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'விக்ரம்' என்று மட்டும் எழுதினால் அது 1986-ஆ 2022-ஆ என்று எப்படி அறியும்? கதாநாயகனைக் கேட்டாலும் பயனில்லை, இரண்டிலும் கமல்ஹாசன்தான்.

விளையாட்டுகளுக்கு வரும்போது பெயர், ஆண்டு இரண்டுமே கைவிட்டுவிடுகின்றன.

1987-இல் கொனாமி நிறுவனம் கடைவீதி இயந்திரங்களுக்காக வெளியிட்ட 'கான்ட்ரா'வை நம்மூர்ப் பிள்ளைகள் அறிவார்கள். ஐரோப்பாவின் சில பதிப்புகளில் அதன் பெயர் 'கிரைசர்'. அங்கே நின்டெண்டோ பெட்டிக்கு வந்தபோது 'புரோபோடெக்டர்' என்று பெயர் மாறி, மனிதர்களின் இடத்தில் இயந்திர மனிதர்கள் புகுத்தப்பட்டனர். ஒரு பொருளுக்கு மூன்று பெயர். இதற்கு நேரெதிரானதும் உண்டு. 1991-இல் ஜப்பானில் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 4' அதே ஆண்டு அமெரிக்காவில் 'ஃபைனல் ஃபேன்டசி 2' ஆனது. ஜப்பானில் உண்மையான இரண்டாம் பாகம் என்று வேறொன்று ஏற்கெனவே இருக்க, இரண்டுக்கும் ஒரே பெயர். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2' கதை இதனினும் வேடிக்கை. 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம் மிகக் கடினம் என்று கருதி, அமெரிக்காவுக்கு 1988-இல் வேறொரு விளையாட்டின் முகங்களை மாற்றி அதையே இரண்டாம் பாகமாக அனுப்பினார்கள். மூலமான இரண்டாம் பாகம் அங்கே போய்ச் சேர்ந்தது 1993-இல், வேறு பெயரில். நிகண்டு செய்தவர்கள் ஒருபொருட் பல்பெயர், ஒருசொற் பல்பொருள் என்று தொகுதி பிரித்து வைத்தது எவ்வளவு முன்யோசனை!

இரு பெயர்கள் எவ்வளவு நெருக்கம் என்று கணிக்க இயந்திரத்துக்கு வழி இருக்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் முறையை 1965-இல் சோவியத் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் வகுத்தார். தட்டச்சுப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள இத்தகைய கணக்கு மிக உதவும். ஆனால் இரண்டாம் பாகத்திற்கும் மூன்றாம் பாகத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஒரே ஓர் இலக்கம். 'கான்ட்ரா'விற்கும் 'புரோபோடெக்டர்' என்பதற்கும் இடையே கடலளவு தொலைவு. எழுத்தில் அண்டை வீட்டுக்காரர் அந்நியராகவும் அயலூர்க்காரர் அதே ஆளாகவும் இருக்கும் உலகில் இக்கணக்கு பாதி வழிதான் கொண்டுசேர்க்கும். எங்கள் 'டேங்க்' நார்மண்டிக்குப் போனது இப்படித்தான்.

*

பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தையே கேட்பது இன்னொரு வழி. இது கணினிக்காரர்கள் கண்டதல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நூலகத்தின் சுருள்களுக்குக் கல்லிமக்கஸ் 120 சுருள் நீளத்தில் அட்டவணை செய்தபோது, ஆசிரியர் பெயரோடு நூலின் முதல் அடியையும் மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் குறித்தார். தலைப்பு மாறலாம், தலைப்பே இல்லாமற் போகலாம். முதல் அடியும் வரித்தொகையும் எளிதில் மாறா. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் விளக்க அட்டவணைகளைப் புரட்டியவர்களுக்கு 'தொடக்கம்', 'முடிவு' என்ற பகுதிகள் பழக்கமானவை. ஏடு எண்ணிக்கையும் உடன் இருக்கும்.

விளையாட்டுக் கோப்பில் இதற்கு நிகரானது 'ஹாஷ்' எனப்படும் எண். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் வரிசையாகக் கணக்கில் செலுத்தி, முடிவில் கிடைக்கும் ஒரு சிறு எண்ணை அதன் கைரேகையாகக் கொள்வது. சி.ஆர்.சி.32 என்ற எளிய முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்கள் சாத்தியம். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள், கடைவீதி விளையாட்டு இயந்திரங்களின் ஒவ்வொரு சில்லிலும் இருந்ததை இவ்வகை எண்களாலேயே அடையாளம் கண்டு வருகிறது. அது தாய்ப்பிரதி, வழிப்பிரதி என்று உறவும் வகுக்கிறது. உலகம் 'பேக்மேன்' என்று அறிந்த விளையாட்டுக்கு அதன் பட்டியலில் தாய் 'பக்மேன்'. 1980-இல் ஜப்பானில் வைத்த முதற்பெயர் அது. அமெரிக்காவில் ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தைச் சற்றுச் சுரண்டினால் வசைச்சொல் ஆகிவிடும் என்று அஞ்சிப் பெயரை மாற்றினார்களாம்.

கைரேகைக்கும் தொல்லை உண்டு. நின்டெண்டோ கேசட்டைக் கோப்பாக்கும்போது முன்னால் 16 பைட்டுகள் சேர்க்கும் வழக்கம் 1996-இல் மராத் ஃபைசுலின் என்பவரின் எமுலேட்டரிலிருந்து வந்தது. கேசட்டின் மின்சுற்று எவ்வகையினது என்ற குறிப்பு அதில் இருக்கும். இது கேசட்டில் இல்லாதது, படியெடுத்தவர் எழுதும் பாயிரம் போன்றது. அந்நாளில் அதன் கடைசி ஒன்பது பைட்டுகள் வெறுமையாக இருந்தன. ஒரு கருவி அந்த ஒன்பதிலும் 'டிஸ்க்டூட்' என்ற பெயரையும் ஓர் ஆச்சரியக்குறியையும் பொறித்துக்கொண்டே போயிற்று. எண்ணற்ற கோப்புகளில் அந்தக் கையொப்பம் ஏறியது. பின்னாளில் அவ்விடத்திற்குப் பொருள் வகுக்கப்பட்டபோது, அந்தக் கோப்புகளை மென்பொருள்கள் தவறாகப் படித்தன. உள்ளே விளையாட்டு ஒன்றே, கைரேகை வேறு. இதற்காகவே ஒப்பிடும் கருவிகள் முதல் 16 பைட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடக் கற்றன. ஏட்டின் தொடக்கத்தில் 'நன்றாக, குரு வாழ்க' என்று படியெடுத்தவர் எழுதியதை நூலின் முதல் அடியாகக் கொள்ளாதிருக்க நாமும் கற்க வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியல்களைச் செய்தவர்களும் கூலியில்லாத் தொண்டர்களே. கவரிங் என்ற புனைபெயர்க்காரர் செய்த 'குட்டூல்ஸ்' எல்லாப் பிரதிகளையும் வைத்துக்கொண்டது. பழுதுபட்டது, யாரோ மாற்றியது, திருட்டுப் பதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சதுர அடைப்புக்குள் ஒரு குறி போட்டது. பின்னர் வந்த 'நோ-இன்ட்ரோ' குழுவின் கொள்கை இதற்கு மாறானது. திருட்டுப் பிரதி செய்தவர்கள் விளையாட்டின் தலைப்பில் தங்கள் பெருமை பேசும் அறிமுகக் காட்சிகளைச் செருகுவது வழக்கம். அவை ஏதுமில்லாத, கேசட்டிலிருந்து எடுத்தபடியே உள்ள தூய பிரதியை மட்டும் பட்டியலிடுவது இக்குழுவின் நோக்கம். இடைச்செருகல் களைந்த மூலபாடம் என்று நம் மொழியில் சொல்லிவிடலாம். பல மென்பொருள்கள் விவரம் தேடுவது இத்தகைய தூய பட்டியல்களை அடியொற்றித்தான்.

நான் மூலபாடக் கட்சியைச் சேர்ந்தவன். மாணவர்களிடம் அதற்காக வாதாடுகிறவன். ஆயினும் இந்தக் கேசட் என்னைச் சற்றே அசைத்துவிட்டது. தொண்ணூறுகளில் நம் கடைகளில் கிடைத்த டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் போலிகள். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று இருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். நிறுவனத்தின் பெயர் தலைப்புத் திரையிலிருந்து அழிக்கப்பட்டிருக்கும். நின்டெண்டோ ஒருநாளும் வெளியிடாத எண்களில் மரியோ வருவார். வேறு யாருடைய உடலிலோ அவர் தலையைப் பொருத்தியிருப்பார்கள். நாம்கோ 'பேட்டில் சிட்டி' கேசட்டை அமெரிக்கச் சந்தைக்குக்கூட அனுப்பவில்லை. நமக்கும் கீழை ஐரோப்பாவுக்கும் அது வந்து சேர்ந்தது இத்தகைய திருட்டுப் பிரதிகளின் முதுகில் ஏறித்தான். அப்படியானால் தூய பட்டியலில் இருப்பது நாங்கள் ஆடாத விளையாட்டு; நாங்கள் ஆடியது பட்டியலுக்கு வெளியே கிடக்கும் இடைச்செருகல்.

2023-இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, அங்கே 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்கிறது. முறையாக வெளிவந்தவற்றின் கதியே இது. முறைகேடாக வந்தவற்றை எண்ணத் தொடங்கினால் முடிவிராது. உரிமையைத் திருடியது குற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. குற்றத்தையும் அட்டவணையில் குறிக்க வேண்டும் என்பதே என் கட்சி. அவ்வகையில் தூய்மைவாதிகளைவிட அடைப்புக்குறி போட்ட கவரிங்கே எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறார்.

*

இனி அந்தக் கோடைக்குத் திரும்புகிறேன். அண்ணன் மகன் எங்கள் கோப்பின் கைரேகையை எடுத்துத் தூய பட்டியலில் தேடினான், இல்லை. முதல் 16 பைட்டுகளை நீக்கிவிட்டுத் தேடினான், அப்போதும் இல்லை. "கோப்பு கெட்டிருக்கும்" என்றான். "ஆடித்தான் பார்ப்போமே" என்றேன் நான். இரவு உணவுக்குப் பின் உட்கார்ந்தோம். கடைசியாக நான் அதை ஆடியபோது இவன் பிறக்கவில்லை. நான் முதற் கட்டத்திலேயே இரண்டு முறை செத்தேன். அவனைத் தவறிச் சுட்டு நிறுத்தியும் வைத்தேன்.

தண்ணீர் உள்ள கட்டம் ஒன்றில், மின்னி மறையும் பரிசுச் சின்னங்களுக்கு நடுவே ஒன்று வந்தது. நட்சத்திரமில்லை, கடிகாரமில்லை. படகு. அவன் போய் அதை எடுத்தான். அவன் டேங்க் நேரே தண்ணீருக்குள் இறங்கி, அக்கரையில் ஏறிற்று. நான் வழக்கம்போல் இக்கரையில் நின்றிருந்தேன்.

சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கழுகைச் சுட்டுவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது.

மறுநாள் காலையில் விசாரித்து அவனே கண்டுபிடித்தான். பேட்டில் சிட்டியை யாரோ திருத்தி, படகு முதலிய புதிய சின்னங்களைச் சேர்த்துச் செய்த மாற்றுவடிவம் அது. 'டேங்க் 1990' என்ற பெயரில் உலகெங்கும் சுற்றியது. கேசட்டின் பட்டியலிலும் அந்தப் பெயரே இருந்திருக்கிறது. அந்த எண்ணை ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்து நானும் அண்ணனும் பொருட்படுத்தியதே இல்லை.

இணையத்திலிருந்து விவரம் வராத கோப்புக்கு நாமே விவரம் எழுதி அருகில் வைக்கலாம். மென்பொருள் முதலில் அதைத்தான் படிக்கும். சாதாரண உரைக்கோப்புதான், குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்டவற்றை நிரப்ப வேண்டும். அவன் தட்டச்சு செய்ய, நான் சொன்னேன். பெயர்: டேங்க் 1990. மூலம்: பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. ஆடுவோர்: 2. வெளியிட்டவர் என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். விவரம் என்ற பெரிய கட்டத்தில் படகைப் பற்றி இரண்டு வரி சொன்னேன். அவன் அதை எழுதிவிட்டு, என்னைக் கேட்காமலே கீழே இன்னொரு வரி சேர்த்தான். 'படகை எப்போதும் அப்பாதான் எடுப்பார்.' அட்டைப்படத்திற்குக் கேசட்டையே மேசைமேல் வைத்துப் படம் பிடித்தான். மஞ்சள் சற்று வெளிறித்தான் விழுந்தது.